விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள்

போன வாரம் செல்வி என் போனுக்கு ஓர் அறிக்கை அனுப்பியிருந்தாள். பழைய கார்களைப் பரிசோதித்துச் சொல்கிற ஏதோ ஒரு கம்பெனி தயாரித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு பச்சை டிக். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன். ‘ஏர்பேக்: பொருந்தாது’ என்று ஒரு வரி. அந்தக் காருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. நாங்கள் இருவரும் பிறந்தபோது ஏர்பேக் என்று ஒன்றை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. அதற்கும் ஒரு பச்சை டிக். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கடைசி வரை தேடினேன். கதவுக்கு அடியில் யாராவது மண்டியிட்டுப் பார்த்தார்களா என்பதற்கு மட்டும் வரியே இல்லை.

செல்வி இங்கே தெற்குக் கொல்கத்தாவில் பள்ளிக்கூட ஆசிரியை. ஐம்பது வயசு. கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிட மாட்டாள், வங்காளிப் பிள்ளைகள் மாதிரி ‘காக்கு’ என்பாள். அவளுடைய அப்பா கணபதி அண்ணாச்சி இரண்டு வருஷத்துக்கு முன் காலமானார். அவர் விட்டுப்போன சிவப்பு நிற, இரண்டே இருக்கை கொண்ட ஆங்கில ஸ்போர்ட்ஸ் காரை அவள் இப்போது விற்கிறாள். புதிதாகக் குடிபோகிற பிளாட்டில் கராஜ் இல்லை. ஒரு பல் டாக்டர் வாங்குகிறார். அவர் எடுத்த அறிக்கைதான் அது.

நான் நாற்பது வருஷம் அடுத்தவர் கார்களைப் பரிசோதித்துச் சம்பளம் வாங்கியவன். என்னோடு வேலை பார்த்த பையன்கள் இப்போதும் கேட்பார்கள்: “சேது அண்ணா, பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினா என்னென்ன பாக்கணும்? ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்களேன்.” பட்டியல் போட்டுக் கொடுக்க எனக்கு என்ன கஷ்டம்? ஆனால் பட்டியலில் எல்லாவற்றையும் எழுதி, ஒரே ஒரு வரியைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதிய ஆசாமி நான். அந்தக் கதையைச் சொல்லாமல் பட்டியல் கொடுத்தால் அது மோசடி.

என் அப்பா கோவில்பட்டிக்காரர். கார்டன் ரீச்சில் ரயில்வே குமாஸ்தா. நான் டிப்ளமோ முடித்து, ஹவுராவில் ஒரு பட்டறையில் மூன்று வருஷம் கிரீஸில் குளித்து, டல்ஹௌசியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். கார் வாங்குகிறவர்கள், கடன் கொடுக்கிற வங்கிகள், இன்ஷூரன்ஸ்காரர்கள் எல்லோரும் எங்களை அனுப்பி வண்டியைப் பார்க்கச் சொல்வார்கள். பார்த்துவிட்டு எழுதிக் கொடுப்போம். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் மேலதிகாரி மித்ரா தா. வங்காளத்தில் ‘தா’, ‘தாதா’ என்றால் அண்ணன். ஆனால் அவர் முன்னால் நிற்கும்போது அண்ணன் என்கிற நினைப்பே வராது, ஹெட்மாஸ்டர் நினைப்புதான் வரும். வெயிலானாலும் மழையானாலும் குடை. வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா. அழுக்கு வண்டிகளுக்கு நடுவில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த மனிதர், சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் பட்டு நான் பார்த்ததில்லை. மூக்குப்பொடி போடுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. மூக்கு இந்த வேலைக்கு ஒரு கருவியாம், அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதாம்.

பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்பதுக்கே போய் நிற்பார். முதல் காரியம், பானெட் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டார். “டீ குடிச்சிட்டு வரேன்” என்று கிளம்பி, வண்டி ஆறும்வரை வரமாட்டார். நோஞ்சான் இன்ஜினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் ஒரு தட்டலில் கிளம்பிவிடும். குளிர்ந்து கிடக்கிற இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும்.

அப்புறம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று. எதையும் தொட மாட்டார். பிறகு கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார். கொல்கத்தாவில் மழைக்காலத்துக்கு மழைக்காலம் தெருவே ஏரியாகிவிடும். முங்கி எழுந்த வண்டிக்கு எத்தனை சென்ட் அடித்தாலும் ஈரக் கோணிப்பை நாற்றம் போகாது. விரிப்பைத் தூக்கி, சீட் நகர்கிற தண்டவாளத்தில் விரலை ஓட்டினால் மாவு மாதிரி வண்டல் ஒட்டும். கம்பிச் சக்கரம் வைத்த ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஜிப்பா பையிலிருந்து ஒரு டீ ஸ்பூன் வெளியே வரும். ஒவ்வொரு கம்பியையும் தட்டுவார். நல்ல கம்பி ‘ணங்’ என்னும், தளர்ந்தது ‘டொக்’ என்னும். அத்தனை கம்பியையும் அவர் தட்டி முடிப்பதற்குள் சொந்தக்காரருக்கு வியர்த்துவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது என்னைப் பின்னால் ஒரு டாக்ஸியில் வரச் சொல்வார். மேம்பாலத்தில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், அடிக்கு வந்ததும் அழுத்துவார். அப்போது நீலப் புகை வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. வந்தால் இன்ஜின் எண்ணெய் குடிக்கிறது. இரண்டாம் கியர் கரகரக்கிறதா, அரை மணி ஓடி நன்றாகச் சூடான பிறகும் எண்ணெய் அழுத்த முள் நிமிர்ந்து நிற்கிறதா, ரெஜிஸ்ட்ரேஷன் புத்தகத்து எண்ணும் வண்டியின் அடிச்சட்டத்தில் அடித்த எண்ணும் ஒன்றா, எல்லாம் பார்த்தாயிற்று என்ற பிறகு கடைசியாக அந்தக் காரியம்.

கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, தகரத்தால் ஒரு நீளப் பெட்டி ஓடும். நாங்கள் அதை ‘சில்’ என்போம். சாதாரணக் காருக்குத் தலைக்கு மேல் கூரை இருக்கிறது, அதுவும் சேர்ந்து வண்டியைத் தாங்கும். திறந்த ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூரையாவது ஒன்றாவது, வெறும் துணி. அதன் முதுகெலும்பே இந்த இரண்டு சில்கள்தான். அவை துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்யும். நல்ல வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் நடுவில் மடங்கிவிடும். உள்ளே இருக்கிறவர் கதி அவ்வளவுதான். அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, சில்லின் அடிப்பக்கத்தில் சாண் சாணாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். படுத்துக்கொண்டுதான் செய்ய முடியும். இந்த ஒன்றுக்காக மித்ரா தா பழைய செய்தித்தாளைக் கக்கத்தில் வைத்திருப்பார்.

இப்போது அண்ணாச்சி கதைக்கு வருகிறேன்.

கணபதி அண்ணாச்சி என் அப்பாவின் ஊர்க்காரர். இங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். அரிசி, பருப்பு, அப்பளம், அரைத்த காப்பித் தூள். வந்த புதிதில் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சரக்குப் போடுவாராம். அலிப்பூரில் ஒரு பெரிய வீட்டில் ஒரு வங்காளி துரைக்கு நம் காப்பிப் பைத்தியம். ஒரு நாள் கொட்டுகிற மழையில் அண்ணாச்சி காப்பித் தூளோடு போய் நின்றிருக்கிறார். அந்த மனிதர் இவரைத் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார வைத்துத் தானே ஓட்டிக்கொண்டு வந்து கடையில் விட்டிருக்கிறார். அன்றைக்கு மனசில் விழுந்தது. துரை காலமாகி, அவருடைய வயசான மனைவி, எல்லோரும் ‘மாஷிமா’ என்று கூப்பிடுகிறவர், வண்டியை விற்கிறார் என்று காதில் விழுந்ததும் அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“தம்பி, எனக்கு ஓட்டத் தெரியாது. செல்விதான் ஓட்டணும்னு ஒத்தக் கால்ல நிக்கா” என்றார். “துர்கா பூஜை லீவுல சாந்திநிகேதன் வரைக்கும் போவணுமாம். தாயில்லாப் புள்ள, கேட்டத நான் இல்லன்னு சொன்னதில்ல. ஆனா அந்த ரோட்டுல லாரி போற போக்க நெனச்சா எனக்கு ஈரக்கொல நடுங்குது. நீங்க பாத்துச் சரின்னு சொன்னா வாங்குதேன். இல்லன்னா வேண்டாம். வேற எவன் சொன்னாலும் கேக்க மாட்டேன்.”

செல்விக்கு அப்போது இருபது வயசு. எனக்கு நாற்பது ஆகவில்லை. தலைக்கனம் மட்டும் நாற்பதைத் தாண்டியிருந்தது.

வேறு யாரோ ஹோட்டல்காரர் அதே வண்டிக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று மாஷிமா சொல்லியிருந்தார். அன்றைக்கு விஸ்வகர்மா பூஜை. அலுவலகம் விடுமுறை. பரவாயில்லை, ஊர்க்காரருக்காகப் போகிறேன் என்று நானே கிளம்பினேன்.

கொல்கத்தாவில் விஸ்வகர்மா பூஜை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். ஆலை, பட்டறை, ரிக்‌ஷா ஸ்டாண்டு, பஸ் டிப்போ, எங்கெல்லாம் ஒரு ஸ்பானர் இருக்கிறதோ அங்கெல்லாம் பூஜை. கருவிகளைக் கழுவித் துடைத்து, சிந்தூரம் வைத்து, சாமி காலடியில் பூவுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். அன்றைக்கு அவற்றுக்கு ஓய்வு. யாரும் தொட மாட்டார்கள். வானம் முழுக்கப் பட்டம் பறக்கும். எங்கள் அலுவலகத்திலும் முந்தின நாள் சாயங்காலமே எல்லோருடைய பைகளையும் வாங்கி வைத்துவிட்டார்கள். வெறுங்கையோடுதான் அலிப்பூர் போனேன்.

போர்ட்டிகோவில் வண்டி நின்றது. அடடா! கழுவித் துடைத்து, மூக்கில் சாமந்தி மாலை, பானெட்டில் சிந்தூரத்தால் ஸ்வஸ்திகம். பக்கத்தில் சின்னதாக ஒரு விஸ்வகர்மா, காலடியில் சிவப்புத் துணி, அதன் மேல் ஜாக்கியும் ஸ்பானர்களும் ஸ்க்ரூடிரைவர்களும் பூவுக்கு அடியில் தூங்கின. துரையின் டிரைவர் ஹரிபத தா புது வேட்டி கட்டிக்கொண்டு பூசாரி மாதிரி நின்றார். பானெட்டைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. ஒரே தட்டலில் கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் அவுட். இன்ஜின் சுத்தம், புகை இல்லை, ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தேன், கம்பிகள் அத்தனையும் ‘ணங்’. ஓட்டிக்கொண்டு போய் வந்தேன். பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் மொட்டை மாடியிலிருந்து கை தட்டினார்கள். எனக்கு வண்டியே என்னுடையது போல ஆகிவிட்டது.

கடைசியில் சில். ஹரிபத தாவிடம் ஒரு ஸ்க்ரூடிரைவர் கேட்டேன். அவர் இரண்டு கையையும் கூப்பினார். “ஆஜ் நா, தாதா. இன்னிக்கு மட்டும் கேக்காதீங்க. நாளைக்கு வாங்க, எத்தனை வேணும்னாலும் தரேன்.”

நாளைக்கு வந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். கரேலென்று தார்ப் பெயிண்ட், கண்ணாடி மாதிரி மினுங்கியது. முட்டியால் தட்டினேன், கெட்டியாகத்தான் பட்டது. இடது கதவு மூடும்போது மேல்மூலையில் லேசாக உரசியது. கீல் தேய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அறிக்கைப் படிவத்தில் ‘சில்: நல்ல நிலை’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன்.

நேராக அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் ஹவுராவில் ஒரு நண்பர் பட்டறைப் பூஜைக்குப் போயிருந்தார். செல்விதான் கடையில் இருந்தாள். “அப்பா வந்தா சொல்லு, கண்ணை மூடிட்டு வாங்கலாம்னு” என்றேன். அவள் “சத்தியமா, காக்கு?” என்று குதித்த குதியில் அப்பள அடுக்கு சரிந்தது. எனக்கு ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுத்தாள். ஒரு பெரிய மனிதன் தோரணையில் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அறிக்கையை மித்ரா தா மேசையில் வைத்தேன். அவர் எந்த அறிக்கையையும் கடைசி வரியிலிருந்து மேலே மேலே போய்த்தான் படிப்பார். ஆரம்பத்தில் எல்லோரும் ஒழுங்காக எழுதுவார்களாம், முடிக்கிற அவசரத்தில்தான் கை தடம் மாறுமாம். கையெழுத்தைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். அதற்கு மேல் இருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவர் வங்காளத்தில்தான் பேசுவார், நான் தமிழில் சொல்கிறேன்.

“சில் எப்படிப் பாத்த?”

“குத்திப் பாத்தேன், தாதா.”

பொய். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

“எதால?”

“ஸ்க்ரூடிரைவரால.”

“யாரோட ஸ்க்ரூடிரைவர்?”

“என்னோடதுதான்.”

அவர் எழுந்து மூலைக்குப் போனார். அங்கே முந்தின நாள் பூஜை இன்னும் கலையாமல் இருந்தது. வாடின பூவை விலக்கி ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். மரப்பிடியில் என் பெயரின் முதல் எழுத்தை நானே கத்தியால் கீறி வைத்திருந்தேன். அதன் மேல் சிந்தூரம் காய்ந்திருந்தது. “இது நேத்து பூரா பூவுக்கு அடியில இருந்துச்சு, சேது. நான்தான் வச்சேன்” என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கத்தியிருந்தால் தேவலை. குடையை எடுத்துக்கொண்டார், பழைய செய்தித்தாளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், என் ஸ்க்ரூடிரைவரை ஜிப்பா பையில் போட்டுக்கொண்டார். மாஷிமாவுக்கும் அண்ணாச்சிக்கும் போன் பண்ணி அலிப்பூர் வருவதாகச் சொன்னார். டாக்ஸியில் போகும் வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டி அங்கேயே மாலையோடு நின்றது. “ரெண்டு பேரும் உள்ள உக்காருங்க” என்று என்னையும் ஹரிபத தாவையும் ஏற்றினார். வெளியிலிருந்து இடது கதவைச் சாத்தினார். மூடவில்லை. மேல்மூலை இடித்துக்கொண்டு நின்றது. இரண்டு ஆள் பாரத்துக்கே வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. முந்தின நாள் நான் ‘கீல்’ என்று தள்ளிய அதே உரசல். நாங்கள் இறங்கினோம். அவர் செய்தித்தாளை விரித்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, ஓய்வு பெற ஒரு வருஷமே இருந்த அந்த மனிதர் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார்.

“சேது, கையைக் குடு.”

நானும் படுத்தேன். என் கையைப் பிடித்து ஸ்க்ரூடிரைவர் பிடியின் மேல் வைத்து, தன் கையால் மூடிக்கொண்டு, அழுத்தினார். டீயில் ஊறின பிஸ்கட்டில் போவது போலப் போயிற்று. சத்தமே இல்லை. பிடி வரைக்கும் உள்ளே போய் நின்றது. வெளியே இழுத்ததும் துரு, பொட்டுக்கடலைத் தோல் மாதிரி, கொட்டிக்கொண்டே இருந்தது. அவருடைய வெள்ளை ஜிப்பாவெல்லாம் கொட்டியது. அவர் தட்டிவிடவில்லை.

ஹரிபத தா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு வருஷமும் பூஜைக்கு முந்தின நாள் வண்டிக்கு அடியில் அவரே தார்ப் பெயிண்ட் அடிப்பாராம். துரை இருந்த காலத்திலிருந்து ஒரு வருஷம் தவறியதில்லை. பூச்சு மேல் பூச்சு, அது மேல் பூச்சு. உள்ளே தகரம் கரைந்து போயிருந்தது, வெளியே பூச்சு மட்டும் தகரத்தின் வடிவத்தில் நின்றுகொண்டிருந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பக்தியாக அடித்த பெயிண்ட். “நான்தான் கெடுத்தேன்” என்று அவர் அழுதார். மித்ரா தா அவர் தோளில் கை வைத்து, “நீ இல்லேன்னா எப்பவோ குப்பைக்குப் போயிருக்கும், ஹரி. இன்ஜினைக் கேளு, எப்படி வச்சிருக்க” என்றார்.

அப்போதுதான் அண்ணாச்சியும் செல்வியும் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினார்கள். மித்ரா தா ஸ்க்ரூடிரைவரை என் கையில் திணித்தார். அண்ணாச்சி தெரிந்துவைத்திருந்த அரைகுறை வங்காளத்துக்குத் தகுந்தபடி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “உங்க சேது கண்டுபிடிச்சிட்டான். சந்தேகம்னு என்னைக் கூட்டிட்டு வந்தான். இதுல பொண்ணை ஏத்தாதீங்க. பழுது பாத்த பிறகு ஏத்தலாம்.”

அண்ணாச்சி ஓட்டையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எம் புள்ள உசுரக் காப்பாத்திட்டிய தம்பி. இத நான் எந்தக் காலத்துல மறப்பேன்!” கை முழுக்கத் துரு. அவருக்குப் பின்னால் செல்வி நின்றாள். முந்தின நாள் ‘கண்ணை மூடிட்டு வாங்கலாம்’ என்று நான் சொல்லக் கேட்டவள். என்னையே பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ‘இல்லை அண்ணாச்சி, நான் பார்க்கவே இல்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை.

திரும்பும்போது டாக்ஸியில் கேட்டேன். “ஏன் தாதா அப்படிச் சொன்னீங்க?”

“அந்த மனுஷனுக்கு நம்பறதுக்கு ஒரு ஆள் வேணும். அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன். நீ இருப்ப” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, “ரிப்போர்ட்டை மாத்தி எழுது. இன்னிக்குத் தேதி போடு” என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி அவர் பேசவில்லை.

மாஷிமா, ஹோட்டல்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழுதுபார்க்கும் செலவைக் கழித்துக்கொண்டு அண்ணாச்சிக்கே கொடுத்தார். ஹவுராவில், நான் கிரீஸில் குளித்த அதே பட்டறையில், இரண்டு சில்லையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். இரண்டு மாசம் ஆயிற்று. தினமும் வேலை முடிந்ததும் படகு பிடித்து ஆற்றின் அக்கரைக்குப் போய் நின்றேன். பூஜை லீவு போய், குளிர் காலத்தில்தான் செல்வி சாந்திநிகேதன் போனாள். திரும்பி வந்து கடை வாசலில் ஹாரன் அடிக்கும்வரை நானும் அண்ணாச்சியும் ஆளுக்கு நாலு காப்பி குடித்தோம்.

வெட்டி எடுத்த சில்லில் ஒரு சாண் துண்டை, ஓட்டையோடு, அண்ணாச்சி கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வருகிறவர் போகிறவர் எல்லோரும் கேட்பார்கள். “இந்த ஓட்டைய நம்ம சேது போட்டாரு. போடலன்னா எம் புள்ள இன்னிக்கு இல்ல” என்பார். பொங்கலுக்குப் பொங்கல் என் வீட்டுக்கு ஒரு கட்டு அப்பளமும் காப்பித் தூளும் வரும். கிட்டத்தட்ட முப்பது வருஷம் அந்த அப்பளத்தைத் தின்றேன். என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. செல்வி அப்பாவிடம் சொன்னாளா, இல்லையா? சொல்லியிருந்தால் அவர் இப்படிக் கொண்டாடுவாரா? மறந்துவிட்டாள் போல என்று தேற்றிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் செய்தேன். வருஷா வருஷம் விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள், பூவிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் முதலில் அண்ணாச்சி வீட்டு கராஜுக்குத்தான் போவேன். செய்தித்தாளை விரித்துப் படுத்து, இரண்டு சில்லையும் சாண் சாணாகக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் வேறு வேலை. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

இந்த வருஷமும் போனேன். பச்சை டிக் அறிக்கை வந்த நாலாம் நாள். வண்டி கைமாறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். செல்வி கராஜ் கதவைத் திறந்து வைத்திருந்தாள். கையில் அந்தத் தகரத் துண்டு. கடையைக் காலி பண்ணும்போது எடுத்து வைத்தாளாம்.

“இது உங்களுக்குத்தான், காக்கு.”

“வேண்டாம்மா. இந்த ஓட்டையை நான் போடலை” என்றேன். “மித்ரா தா போட்டார். நான் முந்தின நாள் பாக்காமலே நல்லா இருக்குன்னு எழுதினேன். அவர்கிட்டப் பொய்யும் சொன்னேன். அவர் வந்திருக்காட்டி நீ…”

“தெரியுமே” என்றாள்.

“என்னம்மா தெரியும்?”

“ஆரே, என்கிட்டத்தானே கண்ணை மூடிட்டு வாங்கச் சொன்னீங்க! என் காப்பியைக் குடிச்சிட்டுத்தானே சொன்னீங்க! அப்பா ராத்திரி ஹவுராவிலேர்ந்து மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து, அப்படியே படுத்துட்டார். காலையில சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள போன் வந்துடுச்சு. அலிப்பூர்ல நீங்க தரையையே பாத்துட்டு நின்னீங்க பாருங்க, அப்பவே புரிஞ்சுபோச்சு.”

“அப்பாகிட்ட ஏன் சொல்லலை?”

“அடுத்த வருஷம் சொல்லிடலாம்னுதான் இருந்தேன், கோபமா. பூஜைக்கு மறுநாள் காலங்காத்தால வந்து பேப்பரை விரிச்சுப் படுத்தீங்க. அதுக்கு அடுத்த வருஷமும் வந்தீங்க. காய்ச்சலோட ஒரு வருஷம் வந்தீங்க. தப்பே பண்ணாதவரா இருந்தா ஒரு தடவை பாத்துட்டுப் போயிருப்பார், காக்கு. நீங்க முப்பது வருஷம் பாத்தீங்க. நான் அதை நம்பித்தான் ஓட்டினேன்.”

நான் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகிற வயசா இது? அழுதேன்.

அவள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பல் டாக்டர் அனுப்பிய செய்தி. ‘அடுத்த வருஷம் பூஜைக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு கேட் திறந்திருக்கும், சேது பாபுவை வரச் சொல்லுங்கள்’ என்று இருந்தது.

“இதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் வண்டின்னு சொல்லிட்டேன்” என்றாள். “இப்போ பாருங்க. அந்த ரிப்போர்ட்காரன் குனியவே இல்லை, நான் பக்கத்துலதான் நின்னேன்.”

செய்தித்தாளை விரித்தேன். முழங்கால் இரண்டும் முனகின. செல்வி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். வலது பக்கம் முழுக்கக் கெட்டியாக இருந்தது. எழுந்திருக்கக் கை கொடுத்தாள். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு இடது பக்கத்துக்குப் போனோம்.